ஏழாம் பம்பின் வில்லை

ஸ்கார்ஷா என்ற ஆங்கிலேயச் சிற்றூரின் நகர மண்டபத்தில் வருடம் தவறாமல் மார்ச் மாதத்தில் இரண்டு நாள் பீர் விழா நடக்கும். மேட்டுச் சாலையிலிருக்கும் ஹாஸ்பிஸுக்காக நடத்துவது. மருத்துவர்கள் கைவிட்டவர்களைக் கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில், ஊரின் பெரும்பாலான குடும்பங்களில் யாராவது ஒருவர் கண்மூடியிருந்தார். அதனால் பீர் பிடிக்காதவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். நானூறு பேர் நிற்கக்கூடிய மண்டபத்தில் அறுநூறு பேர் நின்றார்கள். ஒருவர் கையைத் தூக்கினால் இன்னொருவர் சட்டை நனையும்.

பீப்பாய்களுக்குப் பொறுப்பு அல்வின் க்ரீன்வுட். வயது அறுபத்தேழு. ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர். இதுவரை நடந்த பத்தொன்பது விழாவிலும் நிலவறையில் பீப்பாய்களைச் சாய்த்து வைப்பதும், மேலேயிருக்கும் பத்துக் கைப்பம்புகளுக்குக் குழாய் இணைப்பதும் அவர்தான். இந்த வருடம் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவி நோரீன் பதினோரு நாளாக அதே ஹாஸ்பிஸில் படுத்திருந்தாள். "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்று அங்கே தாதிகள் அனுப்பினால், அவர் நேராக நிலவறைக்கு வந்தார். எப்படி இருக்கிறாய் என்று பீப்பாய்கள் கேட்பதில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, விழாக் குழுத் தலைவர் டெஸ்மண்ட் ஹோல்ராய்ட் தொண்டர்களைப் பம்புகளுக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசினார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"நல்லாக் கேட்டுக்கங்க. நேத்து நீங்க சிந்துனத சேத்து வச்சிருந்தா வாத்து வளத்திருக்கலாம். இன்னிக்கு மொத இழுப்ப வாளியில ஊத்துற பழக்கமெல்லாம் வேண்டாம். ஒரு சொட்டு கீழ போகக்கூடாது. எல்லாம் ஹாஸ்பிஸுக்குப் போறது."

"மொத இழுப்பு வெறும் நுரையா வருமே டெஸ்மண்ட்" என்றாள் க்ளெனிஸ் பிக்கில்ஸ். மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். ஆறிலிருந்து எட்டு வரையிலான பம்புகள் அவள் பொறுப்பு.

"வரட்டும் கண்ணு. நுரையில்லாம குடிக்க நாம என்ன லண்டன்காரனா?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற அல்வினுக்கு இந்த உத்தரவு பிடிக்கவில்லை. குழாயில் தங்கியது எதுவானாலும் முதல் இழுப்பில்தான் வெளியே வரும். சொல்ல வாயெடுத்தார். பிறகு, எதற்கு என்று விட்டுவிட்டார். அந்தப் பதினோரு நாளில் அவர் இப்படி விட்டுவிட்ட விஷயங்கள் நிறைய.

வெள்ளிக்கிழமையே ஏழாம் பம்பின் பீப்பாய் காலியாகியிருந்தது. அதில் புதிதாக வெளிர் ஏல் என்ற மஞ்சள் நிற பீர் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் குழாயைக் கழுவ வேண்டும். நிலவறையில் குழாயின் முனையை மருந்து கலந்த வாளிக்குள் போட்டுவிட்டு, மேலே வந்து பம்பை இழுத்தார். கழுவும் மருந்து என்று பெயர்தானே தவிர அது அமிலம் போல அரிக்கும் காரம். தோலில் பட்டால் கொப்பளிக்கும். யாரும் பீர் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே ஊதா நிறம் சேர்த்திருப்பார்கள். ஆனால் குழாய்க்குள் படிந்த அழுக்கைத் தின்னத் தின்ன அந்த ஊதா பச்சையாகி, பச்சை வெளிறி மஞ்சளாகிவிடும். குழாய்க்குள் அது இருபது நிமிடம் ஊற வேண்டும்.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பம்பின் முகத்திலும் பீரின் பெயர் எழுதிய வில்லை ஒன்று மாட்டியிருக்கும். அதைத் திருப்பி, பெயர் தெரியாமல் வெறும் முதுகு தெரிகிற மாதிரி வைத்துவிட்டால், அந்தப் பம்பைத் தொடக்கூடாது என்று பொருள். எழுதி ஒட்டத் தேவையில்லை, சொல்லத் தேவையில்லை. அந்த நாட்டில் குடிக்கிறவர்கள், ஊற்றுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. அல்வின் எப்போதும் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, இடமிருந்து எண்ணி, வில்லையைக் கண்ணால் பார்த்துத்தான் திருப்புவார்.

அன்றைக்கு அவர் பம்புகளுக்குப் பின்னால் நின்றிருந்தபோது பையில் கைபேசி அதிர்ந்தது. ஹாஸ்பிஸின் எண். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே, மற்றக் கையை மேசைக்கு மேல் நீட்டித் துழாவி, ஏழாவது வில்லையைத் திருப்பினார். திருப்பிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக முற்றத்துக்குப் போனார்.

"மூச்சு மாறியிருக்கு அல்வின்" என்றாள் தாதி. "விட்டு விட்டு வருது. இன்னிக்கா இருக்கலாம், ரெண்டு நாள் கழிச்சும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க வர்றதா இருந்தா வந்துடுங்க."

"வலி இருக்கா?"

"இல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

காலிப் பீப்பாய்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்துவிட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழாம் குழாயை அலசிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். நினைத்தபடியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது. தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது காதில் விழுந்தது. உள்ளே கதவைத் திறந்து கூட்டத்தை விட்டதும், தரைப்பலகைகள் அதிர்ந்ததும் கேட்டன. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே வந்தபோது பித்தளை வாத்தியக் குழு மேடையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மண்டபத்தின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் தரையில் விழுந்து உடையும் சத்தம் வந்தது. உடனே வழக்கப்படி அறுநூறு தொண்டைகளும் ஒன்றாக "ஹேஏஏய்" என்று ஆரவாரித்தன. பீர் விழாவில் கிளாஸைக் கீழே போட்டவனை ஊரே கைதட்டிக் கேலி செய்வது வழக்கம். இந்த முறை ஆரவாரம் ஓய்ந்த பிறகும் ஒரு குரல் மட்டும் ஓயவில்லை. அது ஆரவாரமும் இல்லை.

கூட்டம் மெல்ல விலகிய இடத்தில் ராய்ஸ்டன் முட்டிபோட்டிருந்தான். தபால்காரன். காலைச் சுற்று முடித்து, சீருடையின் சிவப்புச் சட்டையோடு வந்திருந்தான். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடுகள் வெளுத்து வீங்கியிருந்தன. வாயிலிருந்து நுரை ஒழுகியது.

"ஆரம்பமே இப்படியா ராய்ஸ்டன்? இன்னும் ஒம்பது பம்பு மிச்சமிருக்குடா" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

ஒருவன் குனிந்து ராய்ஸ்டனின் வாய்க்குள் விரல் விடப் பார்த்தான். "வாந்தி எடுக்க வைங்க, சரியாயிடும்."

"தொடாத" என்று அல்வின் கத்தினார். மருந்து டப்பாவின் மேல் கறுப்பு எழுத்தில் போட்டிருப்பது அவருக்கு மனப்பாடம். உள்ளே போகும்போது எரித்தது வெளியே வரும்போதும் எரிக்கும். "வாந்தி கூடாது. தண்ணி கொண்டாங்க, வாயக் கொப்பளிக்க வைங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடு. காரம் குடிச்சிட்டான்னு சொல்லு."

பிறகு அவர் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு பம்புகளை நோக்கிப் போனார். க்ளெனிஸ் ஏழாம் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி, சிரித்த முகமாக, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கைய எடு க்ளெனிஸ். ஏழுலேருந்து எத்தன ஊத்துன?"

"இப்பதான் ஆரம்பிச்சேன். ஏன்? மூணு. சின்ன அளவு மூணு. ராய்ஸ்டனுக்கு ஒண்ணு, அப்பறம் ஒரு ஜோடி வந்தாங்க, ஆளுக்கொண்ணு."

"எந்த ஜோடி?"

"யாருன்னு தெரியல. பச்சைக் கோட்டு அந்தப் பொண்ணு. என்ன ஆச்சு அல்வின்? உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

மேடையருகே டெஸ்மண்டைப் பிடித்தார். "மைக்கக் குடு. ஏழுல மருந்து போயிருக்கு. இன்னும் ரெண்டு பேர் கையில இருக்கு."

டெஸ்மண்டின் முகம் வெளிறியது. "மைக்குல சொன்னா நெரிசல்ல நாலு பேர் சாவாங்க. நாம போய்த் தேடுவோம்."

"அறுநூறு பேருக்குள்ளயா தேடுவ?"

அல்வின் மேடையேறி, வாத்தியக் குழுத் தலைவரின் முன்னாலிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் மைக்கில் பேசியதில்லை. "எல்லாரும் கிளாஸக் கீழ வைங்க" என்றார். யாரோ ஊளையிட்டார்கள். "ஏழாம் நம்பர் பம்புல வாங்குனது விஷம். ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க. பச்சைக் கோட்டுப் போட்ட அம்மா எங்க இருந்தாலும் கையத் தூக்குங்க."

ஊளை நின்றது. அறுநூறு பேர் மூச்சுவிடாமல் நின்றால் மண்டபம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. கழிப்பறைப் பக்கத்து ஜன்னலருகில் ஒரு கை உயர்ந்தது. அவள் தன் கிளாஸையும் கணவனின் கிளாஸையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, விழாப் புத்தகத்தில் அந்த ஏலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாளாம். இரண்டும் தொடாமல் இருந்தன. வெளிச்சத்தில் நல்ல வெளிர் ஏல் நிறத்தில், பார்க்க அழகாகவே இருந்தன.

ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ராய்ஸ்டனை ஏற்றியபோது அவனால் கத்த முடியவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு மணிக்குள் மண்டபம் காலியாகிவிட்டது. கோட்டுகளும் குடைகளும் கிடந்தன. தொண்டர்களைச் சமையலறையில் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் வாசலில் நின்றது. கவுன்சிலின் சுகாதார ஆய்வாளர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அல்வின் மேசைக்கு முன்னால், குடிக்கிறவர்கள் நிற்கும் பக்கம் வந்து நின்றார். அன்று முதல் தடவையாக வில்லைகளை முன்னாலிருந்து நிதானமாகப் பார்த்தார்.

ஏழாம் பம்பின் வில்லை நேராக இருந்தது. வெளிர் ஏலின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. நான்காம் பம்பின் வில்லை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு தரம் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு கண்ணை மூடி, பின்னால் நின்று கையை நீட்டியதை நினைத்துப் பார்த்தார். முன்னாலிருந்து எண்ணினால் ஏழாவது. பின்னாலிருந்து, அவருடைய இடக்கைப் பக்கமிருந்து எண்ணினால், ஏழாவதாக வருவது நான்கு. காதில் நோரீனின் மூச்சு. கை தானாக எண்ணியிருக்கிறது.

டெஸ்மண்ட் பக்கத்தில் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. டெஸ்மண்டும் பார்த்துவிட்டார்.

"நீ இப்ப எங்க இருக்கணும்?" என்றார் டெஸ்மண்ட், மெதுவாக.

"மேட்டுச் சாலையில. மூச்சு மாறியிருக்குன்னாங்க."

"எப்ப?"

"பதினொண்ணரைக்கு."

"அட கடவுளே. இன்னும் ஏன்யா இங்க நிக்கற?" டெஸ்மண்ட் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, மேசைத் துணியைச் சரிசெய்கிறவர் போலக் கையை நீட்டி, நான்காம் வில்லையை நேராக்கினார். இரண்டடி நகர்ந்து ஏழாம் வில்லையைத் திருப்பினார். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம். "எல்லாருக்கும் கை தவறும். ஆய்வாளர் வந்தா மூணு மணி நேரம் உன்ன உக்கார வச்சிருவாங்க. கார் பின்னால நிக்குது. நானே கொண்டு விடறேன்."

"க்ளெனிஸ்…" என்றார் அல்வின்.

"க்ளெனிஸுக்கு என்ன? கூட்டத்துல கவனிக்கலன்னு சொல்லிட்டுப் போறா. மொத இழுப்ப ஊத்தக்கூடாதுன்னு நானும் சொல்லித் தொலைச்சேன்ல, எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? ஆளுக்குக் கொஞ்சம் ஆகும். நீ கெளம்பு."

காலையில் தான் செய்தது கை தவறியது என்று அல்வினால் தனக்குள் சொல்லிக்கொள்ள முடிந்தது. டெஸ்மண்ட் இப்போது செய்தது கை தவறியது இல்லை என்றும் தெரிந்தது. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே க்ளெனிஸின் முதுகு தெரிந்தது. யாரோ அவள் தோளில் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார்கள். நாலடி எடுத்து வைத்தால் போதும். அவர் பின்வாசல் பக்கம் நடந்தார்.

காரில் கண்ணாடித் துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

நோரீன் அன்று மாலை ஐந்தேகாலுக்குப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். அவள் கண் திறக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு இடைவெளி முடியவேயில்லை. அந்த இடைவெளிகளில் எல்லாம் அவர் வில்லைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமிருந்து, அந்தப் பக்கமிருந்து. மனைவியின் கடைசி மணி நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் செய்தது அதுதான். அதைப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, சவ அடக்க ஏற்பாட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், தபால் நிலையத்தருகே ராய்ஸ்டனின் அண்ணன் நின்றிருந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றான். உணவுக்குழாய் முழுக்க வெந்துவிட்டது. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். வாய்வழியாகச் சாப்பிடுவது இனி உண்டா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். "அந்த ஆர்கன்காரிக்குக் கண்ணு எங்க இருந்துச்சோ" என்றான். "வில்ல திரும்பியிருக்குன்னு சின்னக் கொழந்தைக்குத் தெரியும். ஊரே சொல்லுது." பிறகு நினைவு வந்தவனாக, "நோரீன் விஷயம் கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமாப் போச்சு" என்றான்.

அல்வின் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றோரத்து வரிசை வீடுகளில் க்ளெனிஸின் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவள், அவர் வாயைத் திறக்குமுன்பே அவரைக் கட்டிக்கொண்டாள். "உன்னப் பாக்க வரணும்னு இருந்தேன், தைரியம் வரல. நோரீனுக்கு இப்படி ஆகுற அன்னிக்குப் பாத்து நான் உன் தலையில இதையும் போட்டேனே."

சமையலறையில் உட்கார்ந்தார்கள். அவள் தேநீர் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள் வாசிக்கப் போகவில்லை.

"க்ளெனிஸ், வில்ல நேராத்தான் இருந்துச்சு."

"எந்த வில்ல?"

"ஏழு. நீ ஊத்துறப்போ அது நேரா இருந்துச்சு. நான்தான் தப்பா நாலத் திருப்பிட்டேன்."

அவள் அவரைப் பரிவோடு பார்த்தாள். அந்தப் பரிவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "நீ நல்லவன் அல்வின். ஆனா இது வேண்டாம். நான் பாத்தேன். கதவு தெறக்குமுன்னாடி முன்பக்கமா வந்தப்போ திரும்பித்தான் இருந்துச்சு. கண்ண மூடுனா அதுதான் நிக்குது, வெறும் முதுகு. பாத்தும் என் கை எப்படி அதப் புடிச்சு இழுத்துச்சுன்னுதான் எனக்குப் புரியல. ஆய்வாளரம்மாகிட்டயும் அப்படியே எழுதிக் குடுத்திட்டேன்."

"நீ பாத்தது நாலு."

"ஏழு."

"மொத ஆளா வந்து நின்னது யாரு உங்கிட்ட?"

"வில்ஃப். எப்பவும் அவன்தான். கதவு தெறக்குமுன்னாடியே கால உள்ள வச்சிருப்பான்."

"என்ன கேட்டான்?"

"அவன் என்ன கேப்பான், கருப்பு மைல்டுதான். வேற எதையாவது குடிச்சா செத்துருவான்." அவள் பாதிச் சிரிப்போடு நிறுத்தினாள். "இல்லன்னு சொன்னேன்."

"ஏன் இல்லன்னு சொன்ன?"

கருப்பு மைல்டு நான்காம் பம்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த மண்டபத்தில் அவளே எத்தனையோ பேரை நாலுக்குப் போங்க என்று அனுப்பியிருந்தாள். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தாள்.

"திரும்பியிருக்கு வில்ஃப், வேற எதாவது குடின்னு சொன்னேன்" என்றாள், யாருக்கோ ஒப்பிப்பது போல. "ரொம்பத் திட்டினான்." பிறகு, "ஆனா நான் போலீஸோட போய்ப் பாத்தப்போ ஏழுதான் திரும்பியிருந்துச்சு. டெஸ்மண்டும் பாத்தேன்னார். என் கண்ணால பாத்தேனே."

இதுவரை சொன்னதோடு நிறுத்திவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பாதி உண்மைக்கே அவள் நன்றியோடு அழுதிருப்பாள்.

"அதுக்கு முன்னாடியே டெஸ்மண்ட் மாத்தி வச்சிட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சமையலறையில நீ முதுகக் காட்டி உக்காந்திருந்த. ஒரு வார்த்த சொல்லாம அவரு கார்ல ஏறிப் போயிட்டேன்."

ஆற்றின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. க்ளெனிஸின் முகத்திலிருந்து பரிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு ராத்திரி" என்றாள். "ரெண்டு ராத்திரி நான் ஒரு மனுஷனக் கொல பண்ணினேன்னு உக்காந்திருந்தேன். எனக்கு மூள கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துருச்சுன்னு டாக்டருக்குப் போன் பண்ணினேன் அல்வின். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"நோரீன் போறப்போ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"அதுக்காகத்தான் போனியா, இல்ல பயந்துக்கிட்டுப் போனியா?"

"ரெண்டும்தான். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல."

"அத மட்டும் நான் உனக்குத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அவ பக்கத்துல இருந்தத." அவள் எழுந்து கோப்பைகளைத் தொட்டியில் போட்டாள். வேகமாகப் போட்டதில் ஒன்றின் காது உடைந்தது. "ஆனா இத எங்கிட்ட ஏன் மொதல்ல சொல்ற? நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா, அங்க போய்ச் சொல்லாம இருக்கலாம்னா?"

"தெரியல."

"எனக்குத் தெரியும்." கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்தாள். "எந்திரி. ஆஃபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். நீ சொல்றத நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

கவுன்சில் அலுவலகம் பேருந்தில் இருபது நிமிடம். பேருந்தில் தெரிந்த முகங்கள் இருந்தன. ஒரு பெண் அல்வினைப் பார்த்துத் தலையசைத்து அனுதாபம் காட்டினாள். க்ளெனிஸைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். க்ளெனிஸ் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரும் அவளும் ஒரே இருக்கையில், இரண்டு அந்நியர்களைப் போல.

சுகாதார ஆய்வாளர் ஃபரீதா மாலிக், நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடி கோப்பைத் திறந்தார். அல்வினின் இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். "உங்க வாக்குமூலத்துக்கு அவசரமில்ல மிஸ்டர் க்ரீன்வுட். சவ அடக்கம் முடிஞ்சப்பறம் வந்தாப் போதும். மத்தவங்க சொன்னது எல்லாம் ஒத்துப்போகுது."

"இல்ல, இப்பவே சொல்லணும்."

"சொல்லுங்க."

அல்வின் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை ஒரு குழப்பம் நடந்திருக்கு. வில்லையத் திருப்புறதுல…"

"குழப்பம்னு சொல்லாத" என்றாள் க்ளெனிஸ், அவரைப் பார்க்காமல்.

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். கோப்பிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"ஏழத் திருப்ப வேண்டியவன் நாலத் திருப்பினேன்" என்றார் அல்வின். "ஒரு மணிக்கெல்லாம் அது எனக்குத் தெரியும். டெஸ்மண்ட் ரெண்டு வில்லையையும் மாத்தி வச்சதையும் பாத்தேன். தெரிஞ்சும் பேசாமப் போனேன்."

"எப்பலேருந்து தெரியும்னு சொன்னீங்க?"

"சனிக்கிழமை ஒரு மணிலேருந்து."

ஆய்வாளர் அதை எழுதினார். பிறகு அவர், டெஸ்மண்ட் ஹோல்ராய்டின் முழுப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார். அல்வின் சொன்னார்.